பதினோராவது கட்டம்

ஜூன் 3, திங்கள்

வக்கீல் ஞானதுரை தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். "நடந்ததை நடந்தபடி எழுதுங்க வேலாயுதம். ஸ்டேஷன்ல கேட்டாலும் கோர்ட்ல கேட்டாலும் ஒரே மாதிரி வரணும்" என்றார். பதினோரு வருடம் சுங்கச்சாவடியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து லாக் புத்தகம் எழுதியவனுக்கு இது ஒரு வேலையா? எழுதுகிறேன்.

மே 31, வெள்ளி. காலை 11.40. ஆறாவது லேனில் வாழைக்காய் ஏற்றிய மினி லாரி. டிரைவர் பெயர் மாசிலாமணி. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் ரீட் ஆகவில்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஓரங்கட்டச் சொன்னேன். ஜெனரேட்டர் ஷெட் பக்கம் நிறுத்திவிட்டு என்னோடு பேச வந்தான். பேச்சு முற்றியது. இரண்டு கையையும் என்னை நோக்கி ஓங்கினான். கையில் ஏதோ பளபளத்தது. என்னைக் காத்துக்கொள்ளத் தள்ளினேன். விழுந்தான். தலை சிமெண்ட் திண்டில் பட்டது. அப்போது மணி 11.52.

அவன் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். உடம்பில் வேறு காயங்களும் இருக்கிறதாம். லாரி ஓட்டுகிறவன் உடம்பில் காயம் இல்லாமல் பூப்போலவா இருக்கும்? என்னை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். கம்பெனி வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது. இருக்கிறேன்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்ற வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. மனைவி செண்பகம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கூட மண்டையில் ஏறுகிறது. மெல்லத் தேய் என்றால் தேய்ப்பதையே நிறுத்திவிடுகிறாள். அதற்கும் கோபம் வருகிறது.

மகள் நிரஞ்சனா லீவுக்கு வந்திருக்கிறாள். அனிமேஷன் படிப்பு, இரண்டாம் வருடம். அவளுடைய கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கிறது. மேஜைக்கடியில் கண்ணாடி பதித்த கறுப்புப் பெட்டி, உள்ளே மூன்று மின்விசிறிகள். அதில் ஒரு துப்பாக்கி விளையாட்டு இருக்கிறது. இடிந்துபோன ஒரு நகரம், அதில் நான் சிப்பாய். தெருத்தெருவாகப் போய்ச் சுட வேண்டும்.

முதல் நாளிலேயே நாற்பத்திரண்டு பேர். ஒருவனைப் படிக்கட்டில் வைத்துக் கத்தியால் குத்தினேன். திரையெல்லாம் ரத்தம் தெறித்தது. பொய்யில்லை, மனசு லேசானது. நாலு நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிப் போனது.

ஆடுவதற்கு முன்னால் வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். பழக்கம். ஸ்ட்ராப் கையைப் பிடிக்கும். டீ கொண்டுவந்த செண்பகம் மேஜைமேல் வாட்சைப் பார்த்ததும் தம்ளரைத் தரையிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன ஜென்மமோ.

ஜூன் 6, வியாழன்

மூன்றாவது தெருவைத் தாண்ட முடியவில்லை. மாடிகளில் ஆட்கள் நிற்கிறார்கள். எவன் எதிரி, எவன் அந்த ஊர்க்காரன் என்று தெரியவில்லை. ஊர்க்காரனைச் சுட்டால் திரை சிவந்து "பொதுமக்கள் பலி. பணி தோல்வி" என்று ஆங்கிலத்தில் வருகிறது. இன்று ஒன்பது தடவை தோல்வி. குடம் வைத்திருந்த ஒரு பொம்பளை, கைத்தடியோடு ஒரு கிழவன், இன்னும் யார் யாரோ. கீபோர்டை ஒரு தட்டு தட்டினேன்.

நிரஞ்சனா ஓடிவந்தாள். "அப்பா, கீபோர்டு என்னப்பா பண்ணுச்சு?"

"என்னத்தடி விளையாட்டு இது? தூரத்துல நிக்கிறவன் உப்பு மூட்டை மாதிரி இருக்கான். எல்லாம் பல்லுப் பல்லா தெரியுது."

சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. "இது பழைய மானிட்டர்ப்பா. புள்ளி கம்மி. இருங்க, உள்ள ரெண்டு மடங்கு வெச்சுத் தர்றேன்."

"மானிட்டர மாத்தப் போறியா?"

"மானிட்டர் அதேதான். பெட்டிக்குள்ள படம் வரையற கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் பெருசா வரையச் சொல்லப் போறேன். நீளத்துல ரெண்டு மடங்கு, அகலத்துல ரெண்டு மடங்கு. மொத்தம் நாலு மடங்கு புள்ளி. அதைச் சுருக்கி இந்த மானிட்டர்ல காட்டும். சார்ட் பேப்பர்ல பெருசா வரைஞ்சு அதைச் சின்னதா ஜெராக்ஸ் எடுத்தா கோடு எப்படி நறுக்குன்னு விழும்? அது மாதிரி."

"சின்ன மானிட்டர்ல எங்கிட்டுருந்துடி அம்புட்டும் தெரியும்?"

"மானிட்டர்தான்ப்பா சின்னது. அதுக்குப் பின்னால இருக்கற படம் பெருசு."

என் பிள்ளைக்கு மூளை என்னிடமிருந்து வந்தது.

ஜூன் 7, வெள்ளி

அடேயப்பா. அதே மானிட்டர்தானா என்று இருக்கிறது. நேற்றுவரை விட்டு விட்டுத் தெரிந்த மின்கம்பி இன்று தெருக்கோடி வரை ஒரே கம்பியாக ஓடுகிறது. இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. மாடியில் நிற்கிறவனுக்குத் தாடி இருக்கிறது. சட்டையில் பொத்தான் இருக்கிறது. சுட்டதும் அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சரிவதும், விரல் இடுக்கில் ரத்தம் வருவதும் தெரிகிறது.

பெட்டிதான் உயிரை விடுகிறது. மின்விசிறிகள் மில் மாதிரி இரைகின்றன. ஹால் முழுக்க அனல். செண்பகம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மாட்டாள்.

மத்தியானம் நிரஞ்சனாவிடம் சும்மா ஒரு சந்தேகம் கேட்டேன். "இதே மாதிரி, ஏற்கெனவே எடுத்த வீடியோ ஒண்ணு மங்கலா இருந்தா, தெளிவாக்க முடியுமா?"

"முடியாதுப்பா. விளையாட்டுல கார்டு புதுசா வரையுது, எவ்வளவு பெருசா வேணும்னாலும் வரையும். வீடியோ அப்படியில்ல. பதிவானதே சின்னதுன்னா ஊதித்தான் பெருசாக்கணும். கட்டம் கட்டமாத் தெரியும், அம்புட்டுத்தான். சினிமாவுல காட்டுற மாதிரி இல்லாத மூஞ்சியெல்லாம் வராது."

நல்ல பதில். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 8, சனி

ஒரு முக்கியமான காரியம் முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து கேமரா பதிவைக் கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் எனக்குப் போன் செய்தார். "குடுத்துறவா? இல்ல டிஸ்க் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிறவா? உங்க இஷ்டம் வேலாயுதம்."

யோசிக்கவே இல்லை. கொடுக்கச் சொன்னேன். சம்பவம் நடந்த அன்றைக்கே லேன் பையன்களுக்கு மூத்தவனான குருசாமியும் நானும் கன்ட்ரோல் ரூமில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டோம். அங்கே ஒரு பழைய சதுர மானிட்டர். அதில் பதினாறு கட்டமாகப் பதினாறு கேமரா. ஒவ்வொரு கட்டமும் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. ஜெனரேட்டர் ஷெட் பதினோராவது கட்டம். பெரிதாக்கிப் பார்க்க அதன் மவுஸ் ஆறு மாதமாக வேலை செய்யவில்லை. கட்டத்தில் இரண்டு எறும்புகள். ஒரு எறும்பு கையை உயர்த்துகிறது, இன்னொன்று குனிகிறது, முதல் எறும்பு விழுகிறது. "அண்ணே, அவன் கை ஓங்குறதுதாண்ணே தெரியுது. வேற ஒண்ணுமே தெரியல" என்றான் குருசாமி.

தெரிகிறதுதான் எனக்குச் சாதகம். தெரியாததை யாரும் கேட்க முடியாது. நானே ஸ்டேஷனுக்குப் போய் மேனேஜர் கையால் இன்ஸ்பெக்டர் ஹெலனிடம் கேமரா பதிவுப் பெட்டியைக் கொடுக்க வைத்தேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்களே முன்னால நின்னு குடுக்கறீங்க, சந்தோஷம்" என்றார்.

மடியில் கனமில்லாதவன் வேறெப்படி நடப்பான்?

ஜூன் 9, ஞாயிறு

குழாய் இன்னும் சொட்டுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

மூன்றாவது தெருவை இன்று முடித்திருக்க வேண்டியது. கடைசி மாடி. ஜன்னலில் ஒருவன். முன்பு உப்பு மூட்டையாகத் தெரிந்தவன் இப்போது முழு ஆளாகத் தெரிந்தான். கையில் துப்பாக்கி இல்லை. வாயைத் திறந்து ஏதோ சொல்கிறான். சுட்டேன். தலை பின்னுக்குப் போய்ச் சுவரில் அடித்தது.

பொதுமக்கள் பலி. பணி தோல்வி.

நிரஞ்சனா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்பா, இப்பத்தான் நல்லாத் தெரியுதே. அவன் கையில ஒண்ணுமில்லையே."

"தெரியுது."

"தெரிஞ்சுமா சுட்டீங்க?"

விளையாட்டுதானே என்றேன். அவள் போகாமல் நின்றாள். பிறகு சம்பந்தமில்லாமல் வேறெதையோ கேட்டாள். "டோல்ல கேமரா எத்தனை வருசத்துக்கு முந்தி மாட்டுனதுப்பா?"

"போன வருசம்தான். நம்பர் பிளேட்டு விழணும்னு மேல உத்தரவு போட்டாக. எல்லாக் கேமராவையும் ஒரே நாள்ல மாத்துனாங்க. பெட்டியும் புதுசு. என்ன பிரயோசனம்? பழசு மாதிரியேதான் பதினாறு கட்டமாத் தெரியுது, பதினோராவது கட்டத்துல ஷெட்டுப் பக்கம் எறும்பு சைசுல."

"மானிட்டர மாத்துனாங்களா?"

"அதை எவன் மாத்துனான்."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துவிட்டது. அந்த அறையின் சூடு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. மோர் குடிக்கச் சொன்னேன்.

ஜூன் 12, புதன்

செண்பகம் இன்று தையல் வேலைக்குப் போகவில்லை. நேற்று சாயங்காலம் அலமாரிக் கதவு இடித்துக் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. மாசிலாமணி பெண்டாட்டியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன் என்று அவளே வந்து சொன்னாள். யாரைக் கேட்டுப் போனாள்? "அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு" என்றாள். கதவைப் பார்த்து நடக்க வேண்டாமா.

ஜூன் 14, வெள்ளி

இன்று காலை 6.10க்கு மாசிலாமணி செத்துப்போனான். வக்கீல் போன் செய்து சொன்னார். இனி வழக்கின் பிரிவு மாறுமாம். "பயப்படாதீங்க. அந்தப் பதிவு நம்ம பக்கம்தான் பேசும்" என்றார்.

நாலு தோசை சாப்பிட்டேன். வாஷர் வாங்கிவந்து குழாயைக் கழற்றினேன். பழைய வாஷர் கறுத்து இற்றுப்போயிருந்தது. புதியதைப் போட்டு முறுக்கினேன். அதிகம் முறுக்கிவிட்டேன் போல, குழாய் விண்டுவிட்டது. வீடெல்லாம் தண்ணீர். செண்பகமும் நிரஞ்சனாவும் ஒரு வார்த்தை பேசாமல் துணியால் ஒற்றி எடுத்தார்கள். ஏதாவது பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 15, சனி

நிரஞ்சனா கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னாள். ஆடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்தால் எனக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையாயிற்றே என்று, அணைக்காமலே கையை எடுத்துவிட்டு என்ன என்று கேட்டேன்.

"அப்பா, நீங்களே போய் இன்ஸ்பெக்டர்கிட்ட உண்மையச் சொல்லிருங்க."

"என்ன உண்மை? எழுதிக் குடுத்திருக்கேன்ல."

"நீங்க பார்த்தது பதினாறு கட்டம்ப்பா. சுருக்கின படம். பழைய மானிட்டர்ல சுருக்கினது. அந்தப் பெட்டிக்குள்ள பதினோராவது கட்டம் மட்டும் தனியா, முழுசா இருக்கு. இந்த மானிட்டரு மாதிரி நாலு சேர்த்தா அம்புட்டுப் பெருசா இருக்கும். அவங்க இன்னும் பெரிய டிவில போட்டிருக்க மாட்டாங்க. போட்டா எல்லாம் தெரியும். அதுக்கு முன்னால நீங்களே சொல்லுங்க."

"உனக்கு எப்படிடி தெரியும் அதுல என்ன இருக்குன்னு?"

"எனக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியாதுப்பா. உங்களத் தெரியும்."

வாட்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. செண்பகம் வாசற்படியிலிருந்து "நிரஞ்சி, இங்கிட்டு வா. வாடி" என்று கத்தினாள். அவள் வரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வயதில் இப்படி ஒரு பார்வை.

"கழட்டிட்டீங்களா? அடிங்க" என்றாள்.

மானிட்டர் உடைந்துவிட்டது. கை பட்டுவிட்டது. மூன்று நான்கு முறை பட்டிருக்கும். கண்ணாடி விரல் மூட்டில் ஏறிவிட்டது, செண்பகம்தான் மஞ்சள்தூள் வைத்துக் கட்டினாள். திரை செத்துக் கறுத்துக் கிடந்தது. ஆனால் கீழே பெட்டி நிற்கவில்லை. மின்விசிறிகள் இரைந்தன. ஸ்பீக்கரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. என் சிப்பாயை யாரோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். யார் என்று பார்க்க முடியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

குருசாமிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

மேனேஜரிடம் ஒரு வார்த்தை, டிஸ்க் அழிஞ்சுபோச்சு என்று சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். எட்டாம் தேதியைப் புரட்டிப் பார்க்கிறேன். எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

காலை பத்தரைக்கு டிஎஸ்பி ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். வக்கீலும் வந்தார். ஹாலில் சுவரோடு ஒரு டிவி, கதவைப் பெயர்த்துப் படுக்கவைத்த அகலம். இன்ஸ்பெக்டர் ஹெலன், டிஎஸ்பி, கம்ப்யூட்டரோடு கண்ணாடி போட்ட ஒரு இளைஞர்.

வக்கீல் முந்திக்கொண்டார். "சார், அந்தப் பதிவுல கை ஓங்குறது தெளிவா இருக்கு. தற்காப்பு."

"எங்க பார்த்தீங்க?" என்றார் ஹெலன்.

"எங்க கட்சிக்காரர் கன்ட்ரோல் ரூம்லயே பார்த்திருக்கார்."

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். "அங்க மானிட்டர்தாங்க சின்னது. பதிவு பெருசு." என் மகள் சொன்ன அதே வார்த்தை. சுவிட்சைத் தட்டினார்.

பதினோராவது கட்டம் சுவர் முழுக்க விரிந்தது.

மாசிலாமணியின் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. தோளில் வாழைக்கறை. வயது முப்பதுக்குமேல் இருக்காது. நான் என் வாட்சைக் கழற்றுகிறேன். அவசரமே இல்லை. ஜெனரேட்டர் ஷெட்டின் தாழ்ப்பாளில் அதைப் பத்திரமாக மாட்டுகிறேன். திரும்பி அவன் வாயில் குத்துகிறேன். அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு கையைப் பார்க்கிறான். மறுபடி குத்துகிறேன், விலாவில். மடிகிறான். நிமிர்கிறான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குகிறான்.

அங்கே நிறுத்தினார் கண்ணாடிக்காரர்.

உள்ளங்கைகள் சேர்ந்திருந்தன. நடுவில் வண்டிச்சாவி தொங்கி வெயிலில் பளபளத்தது. அவன் வாய் திறந்திருந்தது. "சார்" என்று சொல்கிற வாய்.

மறுபடி ஓடவிட்டார். முடியைப் பிடிக்கிறேன். சிமெண்ட் திண்டு. ஒருமுறை. சாவி தெறித்துப் போகிறது. இரண்டாவது முறை. திண்டின் விளிம்பு கறுக்கிறது. அவன் கால் செருப்பை உதைத்துத் தள்ளுகிறது, பிறகு அசையவில்லை. நான் கையைப் பேன்ட்டில் துடைக்கிறேன். தாழ்ப்பாளிலிருந்து வாட்சை எடுத்துக் கட்டிக்கொள்கிறேன். கட்டியதும் அதைப் பார்க்கிறேன்.

"மணி பார்க்கறீங்க" என்றார் ஹெலன்.

"லாக் எழுதணும்ல" என்று என் வாய் சொல்லிவிட்டது. பழக்கம்.

டிஎஸ்பி எழுந்து வெளியே போனார். வக்கீல் ஃபைலை மூடினார். என்னால் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சுவரளவு முகம். அதில் பயம் இல்லை. கோபம்கூட இல்லை. மூன்றாவது தெருவில் ஆடும்போது எனக்கு அந்த முகம்தான் இருந்திருக்கும். செண்பகம் இருபத்தொரு வருடமாகப் பார்த்தது அதைத்தான்.

அதே நாள், மாலை 5.20

ஏட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிக்கிறார். கைது செய்து கொண்டுபோகும் வழியில்தான் வீடு என்பதால் மாற்றுத்துணி எடுத்துக்கொள்ள ஹெலன் அனுமதித்தார். பத்து நிமிடம். மேலே இருப்பதை டிஎஸ்பி ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்தபோதே எழுதிவிட்டேன்.

"வாட்ச், மோதிரமெல்லாம் வீட்ல குடுத்துட்டு வந்துருங்க சார். அங்க வாங்கி வெச்சாத் தொலைஞ்சுரும்" என்றார் ஏட்டு.

செண்பகம் ஹாலில் என் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே இன்னும் மஞ்சளாகக் கன்றியிருந்தது. எதிரில் போய் நின்று வாட்சின் கொக்கியை நெம்பினேன். கொடுப்பதற்குத்தான். சத்தியமாகக் கொடுப்பதற்குத்தான்.

கொக்கிச் சத்தம் கேட்டதும் பையைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டினாள். இரண்டு கையும் தலைக்கு மேல் போயின. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "வேணாங்க. வேணாங்க. நான் இனிமே போகலங்க."

ஏட்டின் தம்ளர் பாதியில் நின்றுவிட்டது. நிரஞ்சனா வந்து எங்கள் நடுவில் நின்றாள். என் கையிலிருந்து வாட்சை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு அம்மாவின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார் வக்கீல். இந்த நோட்டை இப்போது எரித்துவிடச் சொல்கிறார். எரிக்கவில்லை. நிரஞ்சனாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். இன்ஸ்பெக்டரிடம் கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம். அதற்குமுன் இரண்டு நாளின் பதிவை மாற்றி எழுத வேண்டும்.

மே 31, வெள்ளி. மாசிலாமணி கையை ஓங்கவில்லை. கும்பிட்டான். எங்களுக்கு நடுவே மூன்றடிகூட இருக்காது. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஜூன் 11, செவ்வாய், சாயங்காலம். அலமாரிக் கதவு பூட்டியே இருந்தது.